பள்ளியில் சொன்னது, கோட்டில் சொன்னது

"வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று நீதிபதி கேட்டார்.

சாட்சிக்கூண்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பலகை எண்ணெய் பூசினது மாதிரி வழுவழுப்பாக இருந்தது. எனக்கு முன் அங்கே நின்ற எத்தனையோ பேரின் உள்ளங்கை வேர்வை அது. மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்றது. கீழே தட்டெழுத்துக்காரப் பெண் விரல்களை எழுத்துகளின் மேல் தூக்கி வைத்தபடி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்ல இருந்தது. இரண்டு மூன்று வசனம்தான். அதைச் சொல்கிறேன் என்று ஒரு மனிதருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அந்தக் கூண்டில் ஏறியிருந்தேன். அந்த மனிதர் என் பக்கத்து வளவுக்காரர், பெயர் றபீக். அவர் இடதுபக்க வாங்கின் கடைசியில், வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த வழக்கைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இந்தப் பத்திரிகைத் தொடரில் இவ்வளவு வாரமும் மற்றதையெல்லாம் எழுதி இழுத்தேன். இனி இழுக்க ஒன்றுமில்லை.

எட்டு விரல்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிறகு நெல் ஆலையில் மூட்டை சுமந்தேன். அங்கே ஒரு நாள் பெல்ட்டில் கை மாட்டி இடது கையில் இரண்டு விரல் போனதைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் கடைத்தெருவில் மறித்து, எங்கள் ஊர் அண்ணன் முறை சொல்லி, "பொறவு இன்சூரன்ஸ் கிடைச்சதா காக்கா?" என்று கேட்டார்.

கிடைக்கவில்லை. காப்புறுதிக் கொம்பனிக்காக ஒரு சட்டத்தரணி வந்தார். மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழர். கல்முனையில் அலுவலகம் வைத்திருந்தார். என்னிடம் அதட்டாமல் கேட்டார்: "பெல்டுக்கு மேல மூடி ஒண்டு இருந்ததா?"

"இருந்த, சேர்."

"அண்டைக்கு அதை மூடினீரா?"

"முதலாளி கழட்டி வைக்கச் சொன்ன, சேர்."

"மூடினீரா இல்லையா?"

"மூடல்ல."

அவ்வளவுதான். என் வழக்கு அங்கேயே முடிந்தது. வெளியே வேப்பமரத்தடியில் நான் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு நின்றபோது அவரே வந்தார். "இனி என்ன செய்யப் போறாய்?" என்றார். நான் சுற்றியிருந்த கையைக் காட்டினேன். "நாளைக்கு கந்தோருக்கு வா. பைல் தூக்க எட்டு விரல் போதும்" என்றார்.

என்னைத் தோற்கடித்தவரிடமே வேலைக்குப் போனேன். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிப்பில் முழுச் சிரிப்பு இருக்காது.

கேட்கக் கூடாத மன்னிப்பு

சேர் எப்போதும் எதிராளி பக்கம்தான் நிற்பார். பஸ் ஒருவரை அடித்தால் பஸ்ஸின் கொம்பனிக்காக. கட்டிடத்தின் தட்டு வெடித்தால் அதை வரைந்த பொறியியலாளருக்காக. எல்லைக்கல்லை மாறி நட்ட நில அளவையாளருக்காக. டொக்டர்மாருக்காக. தொழில் செய்கிறவர் தொழிலில் விட்ட பிழைக்கும் காப்புறுதி இருக்கிறது என்பதே அவரிடம் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

என் வேலை, பைல் தூக்குவது, தேத்தண்ணி வாங்குவது, விபத்து நடந்த இடத்தில் அளவு நாடாவின் மறு நுனியைப் பிடிப்பது. கடைகளில் நின்று ஆட்கள் கதைப்பதைக் கேட்டு வந்து சொல்வதும் உண்டு. கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு முன்னால் ஆட்கள் நிறையக் கதைப்பார்கள். கதிரையோ மேசையோ கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

சேர் சொல்வார்: "நாங்க ஒண்டையும் நிரூபிக்கத் தேவையில்ல மீராசா. நிரூபிக்கிறது அவங்கட வேலை. நாங்க ஒரு ஓட்டை மட்டும் காட்டினாப் போதும்."

காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். அவர் பலமுறை வாசித்துக் காட்டியதால் எனக்கு அது மனப்பாடம். கொம்பனியின் அனுமதி இல்லாமல் நீங்கள் யாரிடமும் பிழையை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒருமுறை ஒரு வேன் சாரதி அலுவலகத்துக்கு வந்தான். அவன் வேனில் அடிபட்ட கிழவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "சேர், போய்க் காலில விழுந்து ஒரு மன்னிப்பாவது கேட்டுட்டு வாறன்" என்று அழுதான். சேர் பேனையைக் கீழே வைத்தார். "அப்பிடிப் போனா, உன்னைக் காப்பாத்த எனக்கு வழியில்ல. வீட்ட போ. வாயத் திறக்காத" என்றார்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் காரில் கொண்டு போனவர். இதை எழுதாவிட்டால் மற்றது எல்லாம் பொய்யாகிவிடும்.

திங்கள், செவ்வாய், புதன்

றபீக் சாய்ந்தமருதில் ஐஸ்பெட்டி திருத்துகிறவர். மனைவி பெயர் ஜெஸ்மினா. ஒரு மகள். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான். தங்கச்சி ஜெஸ்மினா மீன் பொரித்தால் எங்கள் வீட்டில் சோறு போடலாம், அவ்வளவு மணம் வரும்.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம் அவவுக்கு வயிற்றுவலி. தனியார் வைத்தியசாலை ஒன்றுக்கு றபீக் கொண்டு போனார். டொக்டர், வாய்வு என்று சொல்லி குளிசை கொடுத்து அனுப்பினார். புதன்கிழமை விடிய உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். குடல்வால் வெடித்து உள்ளே நஞ்சு பரவிவிட்டது என்றார்கள். வியாழக்கிழமை உயிர் பிரிந்து மௌத்தானா.

வழக்கு முழுவதும் நடுவில் உள்ள செவ்வாய்க்கிழமையைப் பற்றியதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையும் மனைவியை அதே டொக்டரிடம் கூட்டிப் போனதாக றபீக் சொன்னார். டொக்டர் கட்டிலில் படுக்க வைத்துக்கூடப் பார்க்காமல், "அதே குளிசையையே குடுங்க" என்று திருப்பி அனுப்பினாராம். டொக்டரோ, செவ்வாய்க்கிழமை அவர்கள் வரவே இல்லை என்றார். வைத்தியசாலையின் பதிவுப் புத்தகத்தில் திங்கட்கிழமை மட்டும் இருந்தது. அன்று அங்கே நின்ற தாதி பிறகு வெளிநாடு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை போனது உண்மையென்றால் பிழை டொக்டருடையது. போகவில்லையென்றால் பிந்தியது றபீக்.

எது உண்மை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்று காலை நான் வேலைக்குப் போய்விட்டேன்.

அஸருக்குப் பிறகு

ஜனாஸாவை, ஜெஸ்மினாவின் உடலை, பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலுக்குக் கொண்டு வந்தார்கள். பள்ளி வாசலுக்கு வெளியே ஜெஸ்மினாவின் தம்பிமார் இரண்டு பேரும் இன்னும் பத்துப் பதினைந்து இளம் ஆட்களும் நின்றார்கள். தம்பிமாரில் மூத்தவன் கையில் மண்வெட்டிப் பிடி.

"அடக்கிப்போட்டு நேரா அங்கதான். ஒரு கண்ணாடி மிஞ்சக் கூடா" என்று மூத்தவன் சொன்னது எனக்குக் கேட்டது.

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால், மௌத்தானவரின் நெருங்கிய ஆள் எழுந்து நின்று, அவரால் யாருக்காவது மனம் நொந்திருந்தால் மன்னித்துப் பொருந்திக்கொள்ளும்படி கேட்பது எங்கள் வழமை. றபீக் எழுந்தார்.

"என்ட பொண்டாட்டி யாருக்கும் மனம் நோகக் கதச்சிரிந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க. இதுல டொக்டர்ட குத்தம் ஒண்டுமில்ல. நாங்கதான் பிந்திட்டம். அல்லாஹ்ட நாட்டம். ஒருத்தரும் ஒரு இடத்துக்கும் போகத் தேவல்ல."

வெளியே நின்ற மைத்துனனைப் பார்த்துத்தான் கடைசி வசனத்தைச் சொன்னார். அவன் மண்வெட்டிப் பிடியைச் சுவரில் சாத்திவிட்டு, ஒளுச் செய்ய, கைகால் கழுவும் ஹவுளடிக்குப் போனான். அந்த வைத்தியசாலையின் ஒரு கண்ணாடியும் உடையவில்லை.

என் வாப்பாவின் ஜனாஸா

பிந்திவிட்டோம் என்று றபீக் சொன்னாரே, அதை வெளியூர்க்காரர் விளங்கமாட்டார்கள். நான் அதை விளங்கினவன். ஏனென்றால் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

என் வாப்பாவை வயல் வட்டையில் பாம்பு கடித்தது. அறுவடைக் காலம். உழவு மிசின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, அதில் வாப்பாவைக் கிடத்தி, நான் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மிசின் குலுங்கும்போதெல்லாம் அவர் பல் கிட்டி ஒரு சத்தம் வரும். வழியில் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. அன்று கடமையில் நின்ற தமிழ் ஊழியர், மருந்து இருக்கிற இடத்துக்கு டெலிபோன் பண்ணிக்கொண்டே நின்றார். மருந்து வர முன்னம் வாப்பா போய்விட்டார்.

அது கெட்ட காலம். தமிழ் ஊருக்கும் எங்கள் முஸ்லிம் ஊருக்கும் நடுவில் ஒரு வார்த்தை விழுந்தால் பற்றிக்கொள்ளும். தமிழன் மருந்தை ஒளித்துவிட்டான் என்று பள்ளி முற்றத்தில் ஒரு கதை அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது.

நான் எழுந்து நின்றேன். "ஒருத்தர்ட குத்தமுமில்ல. நான்தான் வாப்பாவக் கொண்டு போகப் பிந்திட்டன்" என்றேன். கதை நின்றது.

நான் பிந்தவில்லை. பள்ளியில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். மிசினை ஓட்டிய மச்சானும் முதல் வரிசையில்தான் நின்றார். தெரிந்துகொண்டே எல்லாரும் தலையாட்டினார்கள். திடீர் மௌத்து வந்த வீட்டுக்காரன் குற்றத்தை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்வான். கேட்கிறவர்கள் அதை நம்புவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் யாரையும் தேடிப் போவதில்லை. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கடலில் போனவனின் வாப்பாவும் இதைத்தான் சொல்வார், சைக்கிளில் அடிபட்டவனின் காக்காவும் இதைத்தான் சொல்வார்.

நிந்தவூர் தேத்தண்ணிக் கடை

றபீக் வழக்குப் போடுவார் என்று நான் நினைக்கவில்லை. ஜனாஸா முடிந்து சில வாரத்தில், மகளின் பாடசாலைக்கு ஏதோ கடிதம் வேண்டும் என்று வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார். செவ்வாய்க்கிழமை வந்ததற்கான துண்டைக் கேட்டாராம். அப்படி ஒரு நாள் இல்லை என்றார்களாம்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சொன்னார். "மௌத்த நான் பொருந்திக்கிட்டன் காக்கா. இதப் பொருந்த ஏலா. என்ட மகள் கேக்கிறா, ஏன் வாப்பா உம்மாவ ரெண்டாம் நாள் கொண்டு போகல்ல எண்டு. அவளுக்கு ஆரோ செல்லியிரிக்கிறாங்க. நான் கொண்டு போன, காக்கா. இந்தக் கையால ஏத்தி மோட்டர் சைக்கிள்ள வெச்சிக் கொண்டு போன."

நட்டஈடு கேட்டுத்தான் வழக்கு. ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை. அதை ஒரு நீதிபதி வாயால் சொல்ல வேண்டும், மகள் கேட்க வேண்டும்.

டொக்டரின் காப்புறுதிக் கொம்பனி பைலை எங்கள் சேரிடம் அனுப்பியது. அதை மேசையில் வைத்ததே நான்தான்.

ஒரு நாள் அக்கரைப்பற்றுக்கு வேறு வழக்காகப் போய்க்கொண்டிருந்தோம். நிந்தவூரில் நெல் ஏற்றிய மிசின்கள் வீதியை அடைத்துவிட்டன. இறங்கித் தேத்தண்ணி குடித்தோம். சேர் சோர்ந்திருந்தார்.

"உன்ட பக்கத்து வீட்டுக்காரன் நல்லாச் சாட்சி சொல்லுவான் போல. முகத்தப் பாத்தாலே நம்பலாம். இது கையை விட்டுப் போகும் மீராசா."

எனக்குப் பெருமையாக இருந்தது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"நல்ல மனிசன் சேர்" என்றேன். "மௌத்து அண்டைக்கு அந்த வைத்தியசாலைய ஒடைக்கப் போன ஆக்கள நிப்பாட்டினதே அவர்தான். பள்ளிக்குள்ள எழும்பி, டொக்டர்ட குத்தமில்ல, நாங்கதான் பிந்திட்டம் எண்டு..."

சேர் கோப்பையைக் கீழே வைத்தார். தேத்தண்ணி சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் சிந்தியது.

"என்ன சொன்னவர்? திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். அவர் சட்டைப் பையில் இருந்து ஒரு துண்டை எடுத்து எழுதினார். உடைக்கப் போன ஆட்களைப் பற்றி எழுதவில்லை என்பதைக் கண்டேன்.

"அது சேர், எங்கட ஆக்கள் மௌத்து வீட்டில அப்புடித்தான் செல்ற. அது வந்து..."

"அதை விடு. சொன்னவரா இல்லையா?"

"செல்லின."

மிசின்கள் நகர்ந்தன. நாங்கள் அக்கரைப்பற்றுக்குப் போனோம்.

கடப்படியில்

றபீக் பள்ளியில் அப்படிச் சொன்னதற்குச் சாட்சிக்கு ஊரில் வேறு யாரும் வரவில்லை. பள்ளித் தலைவர் அன்று தனக்குக் காது அடைத்திருந்தது என்றார். பாங்கு சொல்லும் மோதினார், தான் உள்ளே பாய் விரித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். அதனால் டொக்டர் பக்கச் சாட்சிப் பட்டியலில் என் பெயரை எழுதினார்கள்.

பட்டியல் றபீக்கின் சட்டத்தரணிக்குப் போனது. அவர் கொழும்பிலிருந்து வருகிறவர். இரண்டு நாளில், விடிகாலை சுபஹ் தொழுதுவிட்டு வரும் வழியில் றபீக் என் வளவு வாசல் கடப்படியில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"என்ட லோயர் செல்றார், அப்புடிச் சொன்னது ஞாபகமில்ல எண்டு செல்லட்டாம். ஒப்புக்கொண்டா வழக்குப் போயிருமாம். நான் என்ன செய்ற காக்கா?"

உண்மையைச் சொல்லுங்கள், ஏன் சொன்னீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் படித்தவன் சட்டத்தரணிக்கு மேலால் என்ன சொல்வது என்று நினைத்தேன்.

"லோயர் செல்ற மாதிரிச் செய்ங்க தம்பி" என்றேன்.

"அப்ப நீங்க?"

"கூப்பிட்டாப் போகத்தானே வேணும். பொய் செல்ல ஏலா."

"பொய் செல்ல வேணாம். நான் சொன்னதச் செல்லுங்க. ஆனா முழுக்கச் செல்லுங்க காக்கா. மச்சான் கையில என்ன இரிந்த எண்டதையும், எங்கட ஊர்ல ஏன் அப்புடிச் செல்ற எண்டதையும் செல்லுங்க. வேற ஒருத்தரும் செல்ல மாட்டாங்க."

"செல்லுவன்."

"சத்தியமா?"

"வல்லாஹி."

என் மனைவி யன்னலால் கேட்டுக்கொண்டிருந்தார். றபீக் போன பிறகு, "ஒங்களால ஏலுமா?" என்று மட்டும் கேட்டார். கடைக்காரன் மிச்சத்தைக் குறைத்துக் கொடுத்தால்கூடக் கேட்காமல் வருகிறவன் நான் என்று அவருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து வழக்குத் தவணை நாள் வரை நான் அந்த வசனங்களைச் சொல்லிப் பழகினேன். சைக்கிளில் போகும்போது, பைல் கட்டும்போது, குளிக்கும்போது. ஒரு நாள் குளியலறைக்குள் நான் கதைப்பதைக் கேட்ட மகள், "வாப்பாக்கு என்ன, உள்ளுக்கு ஆரோடயும் சண்டையா?" என்றாள்.

கூண்டில்

முதலில் றபீக் ஏறினார். செவ்வாய்க்கிழமையைப் பற்றி நன்றாகச் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டே தலையாட்டினார். பிறகு எங்கள் சேர் எழும்பினார்.

"ஜனாஸா நாளன்று பள்ளிவாசலில் 'நாங்கதான் பிந்திட்டம்' என்று சொன்னீரா?"

"ஞாபகமில்ல."

"மனைவியின் ஜனாஸாவில் சொன்னது ஞாபகமில்லையா?"

"ஞாபகமில்ல ஐயா."

அவர் முகத்தைப் பார்த்தாலே நம்பலாம் என்று சேர் சொன்னாரே, அந்த முகம் அந்த இடத்தில் போய்விட்டது. பொய் சொல்லத் தெரியாத மனிதன் பொய் சொல்லும்போது எல்லாருக்கும் தெரிகிறது.

அடுத்த தவணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சேர் மூன்று கேள்விதான் கேட்டார். பள்ளியில் நின்றீரா. ஓம். றபீக் என்ன சொன்னார். சொன்னேன். உமக்கு அவர்மீது கோபமா. இல்லை, அவர் என் தம்பி மாதிரி.

றபீக்கின் சட்டத்தரணி எழும்பினார். இந்தச் சொல் எங்கள் ஊர் வழமைதானே என்று அவர் கேட்டால் போதும் என்று நான் காத்திருந்தேன். அவரால் அப்படிக் கேட்க முடியாது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. சொன்னது ஞாபகமில்லை என்று தன் ஆளே சொல்லிவிட்ட பிறகு, ஏன் சொன்னார் என்று எப்படிக் கேட்பது?

அவர் வேறு ஒன்றைக் கேட்டார்.

"நீர் யாரிடம் சம்பளம் வாங்குகிறீர்?"

நான் சேரைக் காட்டினேன். இரண்டு விரல் இல்லாத கையால் காட்டிவிட்டேன். பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடுத்த வாங்குக்கும் போனது. என் காது சுட்டது.

"வேறு கேள்வி இல்லை" என்று அவர் உட்கார்ந்தார்.

அப்போதுதான் நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அதைக் கேட்டார். வடக்குப் பக்கத்து மனிதர். எங்கள் பள்ளிகளுக்குள் அவர் வந்திருக்க வாய்ப்பில்லை. என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். சாட்சியிடம் அப்படிக் கேட்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அன்பாகத்தான் கேட்டார்.

வசனங்கள் வாய்க்குள் இருந்தன. ஆனால் அவை எங்கள் வீட்டுப் பேச்சில் இருந்தன. இது கோடு, நீதிமன்றம், இங்கே எழுத்துத் தமிழில் சொல்ல வேண்டும் என்று என் மண்டைக்குள் ஒன்று சொன்னது. 'எங்கட ஆக்கள்' என்பதற்கு என்ன சொல்வது? 'சமூகத்தவர்' என்றா? 'குத்தத்தத் தலையில போட்டுக்கிற' என்பதை எப்படிச் சொல்வது? ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தால் மற்றது விழுந்தது. தட்டெழுத்துக்காரப் பெண்ணின் விரல்கள் அப்படியே நின்றன. சேர் என்னைப் பார்க்கவே இல்லை, தன் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். றபீக் வாங்கில் முன்னால் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

"இல்லை ஐயா" என்றேன்.

தட்டெழுத்துச் சத்தம் கேட்டது. மிகச் சின்னச் சத்தம்.

தீர்ப்பும் பிறகும்

தீர்ப்பை வாசித்த அன்று றபீக் மகளையும் கூட்டி வந்திருந்தார். வழக்காளி உண்மையை மறைத்தவர், அவருடைய சொந்த வாய்மொழியின்படியே அவர் மனைவியை உரிய நேரத்தில் கொண்டு செல்லவில்லை என்று நீதிபதி வாசித்தார். மகள் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

மேன்முறையீட்டுக்கு அவர் போகவில்லை.

சேர் என் தோளில் தட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "ஏதும் சொல்ல இருந்தா நீ சொல்லியிருக்கலாம் மீராசா. நான் உன்னைத் தடுக்கயில்லையே" என்றார். உண்மைதான். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

வீட்டில் மனைவி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "செல்லினீங்களா?" என்றார். நான் சோற்றைப் பார்த்தேன். "குளியலறைக்குள்ள மட்டும் நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

றபீக் கோபிக்கவில்லை. ஸலாம் சொன்னால் பதில் சொல்வார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஒரு மாதத்தில் தகர வேலிக்குப் பதிலாக மதில் கட்டினார். தலைக்கு மேல் உயரம். அவருடைய மகள் இப்போது பெரிய பெண். வாப்பாவோடு அளவாகத்தான் கதைப்பாளாம்.

வேலையை விட்டேனா என்று கேட்பீர்கள். விடவில்லை. எட்டு விரலை வேறு யார் எடுப்பார்கள்?

அலியாரின் மகன்

இனிச் சொல்வது நடந்து அதிக காலம் ஆகவில்லை.

மீன் வியாபாரம் செய்யும் அலியாரின் மூத்த மகன் பிரதான வீதியில் லொறியில் அடிபட்டு மௌத்தானான். கலியாணம் முடித்து ஒரு வருடம். லொறி ஓட்டியவன் திருக்கோவில் பக்கத்துத் தமிழ் ஆள், முப்பது வயது இருக்கும். பிணையில் வந்திருந்தவன், தன் மாமன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஜனாஸாவுக்கு வந்துவிட்டான். பள்ளிக் கேற்றுக்கு வெளியே, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். எங்கள் ஆட்கள் அவனைச் சுற்றி மெல்ல மெல்லக் கூடத் தொடங்கினார்கள்.

அலியார் எழுந்தார். மகனுக்காகப் பொருத்தம் கேட்டார். பிறகு கேற்றைப் பார்த்தார். அவனைக் கண்டுகொண்டார்.

"இதுல அந்தப் புள்ளைட..." என்று தொடங்கினார்.

அப்போது அவர் கண் வரிசையில் நகர்ந்து என்னிடம் வந்து நின்றது. அவருடைய தம்பி அவர் கையைப் பிடித்து இழுத்துக் காதுக்குள், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வாயத் துறக்காதீங்க காக்கா. இன்சூரன்ஸ் இரிக்கி. லோயர்ட ஆள் நிக்கிறார்."

அலியார் வாயை மூடிக்கொண்டார். இமாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

எங்கள் பள்ளியில் இப்போது ஒருவரும் அந்த வசனத்தைச் சொல்வதில்லை. றபீக்கின் தீர்ப்பு வந்த நாளில் இருந்து நான் ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை. பயப்படுகிறார்கள். பயப்படுவது சரிதான். அந்த லொறியின் பைல் நாளைக்கு எங்கள் கந்தோருக்கு வரலாம். வந்தால் மேசையில் வைக்கப் போவது நான்தான்.

தொழுது முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்தேன். சாரதியைச் சுற்றி நின்றவர்கள் கலையவில்லை. ஒருவரும் கை வைக்கவில்லை, விலகவும் இல்லை. அவன் கூட்டத்துக்கு நடுவில் இருந்து என்னைப் பார்த்து, "ஐயா, அவர் என்னைப் பத்தி ஏதும் சொன்னவரா?" என்று கேட்டான்.

"சொல்ல வந்த" என்றேன்.

"என்ன சொல்ல வந்தவர்?"

எனக்குத் தெரியும். அத்தனை பேருக்கும் கேட்க, எங்கள் பேச்சிலேயே, அதை அவனுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அலியார் சொல்ல வேண்டியது. என் வாயில் இருந்து வந்தால் அங்கே அதை யார் எடுப்பார்கள்?

ஜனாஸா வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆட்கள் வழி விட்டார்கள். அவன் செருப்பைப் போடாமல், கூட்டத்துக்குப் பத்தடி தள்ளி, அடக்கம் செய்யும் மையவாடி வரை பின்னால் நடந்தான். நான் அவனுக்கும் பின்னால் நடந்தேன்.